கூடாரத்துக்குத் தைத்த கொசுவலை

கூடாரம் வந்து இறங்கிய அன்று நான் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். மாடியில் ஆள் இல்லை என்று கூரியர்காரர் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நீளமான பை. உருண்டையாகச் சுற்றி, வார் வைத்துக் கட்டியிருந்தது. கைக்குழந்தையைத் தூக்கிய மாதிரிக் கனம்.

சாயங்காலம் மாடிவீட்டுப் பெண் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் பையைக் கொடுத்து, "என்னட்டி இது?" என்றேன்.

"கூடாரம் ஆச்சி. காலாண்டுப் பரிட்சை லீவுல பிள்ளைகளக் கூட்டிட்டுக் கடற்கரைக்குப் போறோம். மணப்பாட்டுப் பக்கம். ரெண்டு ராத்திரி இதுலதான் படுக்கப் போறோம்."

"வீடு இருக்கையில எவனாவது மண்ணுல போய்ப் படுப்பானா?" என்று கேட்டேன். அதோடு விட்டேனா? "வீடு வாசல் இல்லாதவுகதான் துணியக் கட்டிப் படுப்பாக. கூரைக்குக் கீழ படுத்தவளுக்கு என்னத்துக்கு இந்தக் கேடு?" என்று அதையும் சொன்னேன்.

அவள் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நான் அப்படித்தான் பேசுவேன். ராஜபாளையத்தில் இந்த வீடு நான் கட்டியது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் நின்று, காது மந்தமாகிற வரைக்கும் நின்று, ஒற்றை ஆளாகக் கட்டிய வீடு. கல்யாணம், பிள்ளை என்று எனக்கு எதுவும் அமையவில்லை. வீடு அமைந்தது. அதனால் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் என் வாய் கொஞ்சம் நீளும்.

மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒரு முஸ்லிம் குடும்பம். அவள் புருஷன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். அவளுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூத்தது பெண், ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். சின்னவனுக்கு மூன்று வயது. அவள் வேலைக்குப் போய்விட்டு வருகிற வரைக்கும் சின்னவன் என்னோடுதான் இருப்பான். மத்தியானம் அவனைத் தூங்க வைப்பது பெரிய பாடு. என் முந்தானை நுனியை விரலில் சுற்றி மூக்கில் வைத்துக்கொண்டால்தான் அவனுக்குக் கண் சொக்கும்.

கூடாரம் வந்த பிறகு தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர்கள் வீட்டில் அதே பேச்சுதான். படி வழியாக எனக்கு எல்லாம் கேட்கும். மந்தமான காதுக்கும் கேட்கும்படிதான் அவர்கள் பேசுவார்கள். பல நாள் கீழே என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தும் பேசினார்கள், என் வீட்டில் காற்று நன்றாக வரும் என்பதால்.

"இப்ப எதுக்கு தம்பி போறிய? சித்திரையில போனா பிள்ளைகளுக்கு லீவு நெறைய இருக்குமே" என்று அவள் புருஷனைக் கேட்டேன்.

"சித்திரையில வெயில் ஆச்சி. மணல்ல கால் வைக்க முடியாது. தீவாளி, பொங்கல்னா கடைய விட்டு நான் நகர முடியாது. இப்பன்னா அங்க கோயில் திருவிழா முடிஞ்சு கூட்டம் வடிஞ்சிருக்கும். தோப்புக்காரரு ஒருத்தரு எனக்குத் தெரிஞ்சவரு. கூடாரம் அடிச்சுக்கோங்கன்னு எடம் தாராரு. குழாய் இருக்கு, கக்கூஸ் இருக்கு."

"ஆளு இல்லாத நேரத்துல கடல் இருக்குமா அத்தா?" என்று மூத்தவள் அவள் அப்பாவைக் கேட்டாள்.

"அது எங்க போகப் போவுது?"

"ராத்திரி அதை மூடிருவாங்களா?"

"மூடி போட யாருகிட்ட அம்புட்டுப் பெரிய மூடி இருக்கு?" என்றேன் நான். அவள் ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

என்னென்ன கொண்டுபோவது என்பதில் நானும் என் பங்குக்குப் பேசினேன். சின்னவன் அவனுடைய சிவப்பு வாளி இல்லாமல் குளிக்கமாட்டான், அதை எடுத்து வை என்றேன். கடற்கரையில் பிள்ளைகளுக்கு இட்லிதான் தோது, மாவை ஆட்டித் தூக்குவாளியில் கொண்டுபோனால் வழியிலேயே பொங்கிவிடும், அதனால் முதல் நாளைக்கு இட்லியாக அவித்து எண்ணெய்ப் பொடி தடவிக் கொண்டுபோ, மறுநாளைக்கு ரவை வறுத்து வை என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் "சரி ஆச்சி, சரி ஆச்சி" என்றாள். ஆனால் "நீங்களும் வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை.

எனக்கு அது முதலில் தைக்கவில்லை. நாளாக ஆகத் தைத்தது.

கடலை நான் பார்த்தே இல்லை என்று இல்லை. என் கூடப்பிறந்த தம்பி மகளுக்குக் காது குத்தத் திருச்செந்தூர் போயிருந்தோம். கூட்டமென்றால் கூட்டம். ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தொலைத்துவிடக் கூடாதே என்கிற பயத்திலேயே இருந்தேன். முன்னால் நின்றவர்களின் தலைகளுக்கு நடுவே நீலமாக ஏதோ தெரிந்தது. அதற்குள் வேன்காரர் ஆரன் அடித்துவிட்டார். அதுதான் நான் பார்த்த கடல். யாரும் இல்லாத கடற்கரையில், பொழுது விடிகிறபோது உட்கார்ந்து, ஒரு தம்ளர் காப்பி குடிக்க வேண்டும் என்று மனசு சொல்ல ஆரம்பித்துவிட்டது. இத்தனை வயசுக்கு மேல் இது என்ன ஆசை என்று அதட்டினேன். அதட்டினால் அடங்குகிற மனசாக அது இல்லை.

கூப்பிட்டால் போவேன். நானாகக் கேட்கமாட்டேன். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவள் நான்.

ஒரு சனிக்கிழமை அவள் தன் அம்மா வீட்டிலிருந்து சின்ன கேஸ் அடுப்பை எடுத்து வரக் கிளம்பினாள். பிள்ளைகள் இரண்டையும் பஸ்ஸில் தனியாக மேய்க்க முடியாது என்று என்னையும் கூப்பிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போவதற்கு மட்டும் கூப்பிடத் தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேதான் ஏறினேன். சின்னவன் ஜன்னலோரம் என் மடியில் நின்றுகொண்டு வழியெல்லாம் "கடல் வந்துருச்சா? கடல் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். வழியில் தண்ணீர் கிடந்த கண்மாயைப் பார்த்ததும் அதுதான் கடல் என்று கூத்தாடினான். பஸ்ஸே சிரித்தது.

அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அடுப்பை எடுத்துத் துடைத்து வைத்தாள். ஒரு டப்பா பால்கோவாவையும் அதன் மேல் வைத்தாள்.

"இது எதுக்கும்மா? மணலுக்குள்ள வச்சா எறும்புதான் திங்கும்."

"எறும்பு திங்கிறதுக்கு முன்னாடி நீங்க தின்னுருங்க" என்றவள், என் பக்கம் திரும்பி, "நீங்களும் இவளோட போறியளாக்கா?" என்று கேட்டாள்.

நான் டீ தம்ளரைக் கீழே வைத்தேன். வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"ஆச்சிக்கு இதெல்லாம் பிடிக்காதும்மா. வீடு இருக்கையில எவனாவது மண்ணுல போய்ப் படுப்பானான்னு கேப்பாக."

என் குரலிலேயே, கழுத்தை வெட்டித் திருப்பி, அச்சாகச் சொல்லிக் காட்டினாள். அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்து முடித்தேன்.

அவள் மனதில் குத்தம் ஒன்றும் இல்லை என்று அப்போது தெரிந்துவிட்டது. நான் சொன்னதைத்தான் அவள் நம்பியிருந்தாள். கதவை உள்பக்கமாகப் பூட்டியவள் நான்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் கழித்து அவள் கீழே வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

"ஆச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியளே?"

"கேளு, கேளு" என்றேன். கையில் இருந்த முறத்தைக்கூடக் கீழே வைத்துவிட்டேன்.

"உங்க பழைய சேலை ஒண்ணு குடுங்க. தொவைக்காததா குடுங்க. அங்க போயி இவன் தூங்கணும்ல?"

உள்ளே போய் அரக்கு நிற வாயில் சேலையை எடுத்துக் கொடுத்தேன். அதை அவள் மடித்து, முகர்ந்து பார்த்து, "இது போதும், ஏமாந்துருவான்" என்று சொல்லிக்கொண்டே மேலே போனாள். என் சேலைக்கு அந்தக் கூடாரத்தில் இடம் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

அன்றைக்குத்தான் கொசுவலை தைக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கும் கூடாரத்துக்கும் பகை இல்லை என்று வாயால் சொல்ல வரவில்லை. கையால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கூடாரத்திலேயே வலை வைத்த வாசல் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் ராத்திரி வரைக்கும் வெளியே உட்கார்ந்து விளையாட வேண்டாமா? கூடாரத்துக்கு முன்னால் பந்தல் மாதிரி, நாலு பக்கமும் மறைத்து, ஒரு துணி அறை தைத்துக் கொடுத்தால் என்ன?

துணிக்கு நான் எங்கே போவேன்? சத்திரப்பட்டிக்குத்தான் போனேன். நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது அந்த முதலாளியின் மகன் இருக்கிறான். தறியிலிருந்து இறக்கிய பழுப்புத் துணியைக் காட்டி, "இது போதுமா பெரியம்மா?" என்றான்.

"இதக் கொண்டுபோயி பிள்ளைகளுக்குக் கட்டவா? வெளுத்துவந்த சரக்க எடு. முதல் தரத்த எடு" என்றேன்.

கொண்டுவந்ததும் பழக்கம் விடாமல் நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டித் தண்ணீர்ச் சட்டியில் போட்டுப் பார்த்தேன். பேண்டேஜ் துணிக்கு அதுதான் சோதனை. புண்ணில் வைக்கிற துணி ரத்தத்தையும் சீழையும் சட்டென்று குடிக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் மிதக்கக் கூடாது, போட்ட வேகத்தில் முழுக வேண்டும். மிதந்தால் சரக்குத் திரும்பி வந்துவிடும். நான் போட்ட துண்டு கல்லைப் போல உள்ளே போனது. "இப்படில்லா இருக்கணும் துணி" என்று பெருமையாக அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்படி நின்றபோதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் போல உட்கார்ந்து தைத்தேன். காற்றுப் போகிற அளவுக்குச் சல்லடை, கொசு நுழையாத அளவுக்கு இரட்டையாக மடிப்பு. மேலே மூங்கில் குச்சி நுழைக்க உறை. வாசலுக்கு ஒன்றின் மேல் ஒன்று விழுகிற மாதிரி இரண்டு திரை. கீழே மணலை வைத்து அமுக்க ஒரு முழம் கூடுதல். மாடிவீட்டுப் பெண் வந்து பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஆச்சி, கல்யாணப் பொண்ணு முக்காடு மாதிரியில்லா இருக்கு!" என்றாள். அப்போதும் அவள் கூப்பிடவில்லை. வலையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே நடந்த சின்னவன் மட்டும், "ஆச்சி வீடு, ஆச்சி வீடு" என்றான்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒத்திகை வைத்தார்கள். மூன்று மணிக்கே கூடாரத்தை விரித்துவிட்டார் தம்பி. கம்பியை வளைத்துச் செருகியதும் அது ஆமை மாதிரி எழுந்து உட்கார்ந்தது. அதற்கு முன்னால் பூந்தொட்டிகளை வைத்து, அதில் குச்சி நட்டு என் வலையைக் கட்டினோம். வெள்ளை வெளேரென்று அது காற்றில் அசைந்ததைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட பெண் எட்டிப் பார்த்து, "யாரு தச்சது?" என்றாள். "வேற யாரு?" என்றேன்.

மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்ததை நான் பார்க்காமல் இல்லை. அது அங்கேயே நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. முதலில் பொடியாகச் சாரல் விழுந்தது. மழை என்று கூடச் சொல்ல முடியாது. கூடாரத்தின் மேல் விழுந்த துளி உருண்டு உருண்டு கீழே ஓடியது. என் வலையில் விழுந்த துளி எங்கேயும் ஓடவில்லை. குடித்தது. ஒரு சொட்டுவிடாமல் அத்தனையையும் குடித்தது. முதல் தரமில்லையா? கொஞ்ச நேரத்தில் மேல்பக்கம் தொட்டில் மாதிரித் தொங்கியது. குச்சி வளைந்தது. "தம்பி, புடிங்க!" என்று நான் கத்துவதற்குள் ஈரத் துணி மொத்தமும் பிள்ளைகள் தலையில் உட்கார்ந்துவிட்டது.

சின்னவன் அலறினான். துணியோடு துணியாக ஒட்டிக்கொண்டு மூத்தவளின் மூக்கும் வாயும் அச்சாகத் தெரிந்தன. உள்ளேயிருந்தே அவள், "ஆச்சி, எனக்கு மண்டையில கட்டுப் போட்டாச்சு!" என்றாள்.

தம்பி துணியைத் தூக்கப் போய், அவர் காலில் அது சுற்றிக்கொண்டது. "ஒருத்தருக்கும் காயமே இல்ல ஆச்சி, அதுக்குள்ள குடும்பத்துக்கே மொத்தமா கட்டுப் போட்டுட்டியளே!" என்றார். அவர் பெண்டாட்டி சிரித்து முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. இருபது முப்பது வருசம் அந்தத் துணியோடு இருந்தவள். தண்ணீரைக் குடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கி, தண்ணீர் விழுகிற இடத்தில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறேன். முதலாளி மகன் காட்டிய பழுப்புத் துணியில் கஞ்சியும் பஞ்சின் எண்ணெய்ப்பசையும் போகாமல் இருந்தன. அதில் தண்ணீர் ஒட்டாது. கையில் கொடுத்ததைத் தட்டிவிட்டு வந்தவள் நான். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். முதுகில் தண்ணீர் வழிந்துகொண்டே வந்தது.

மறுநாள் அதைக் காயப்போட்டேன். நல்ல துணி. குப்பையில் போட மனசு வரவில்லை. கத்திரியை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி, நாலு மடிப்பாக வைத்து ஓரம் அடித்தேன். சின்னவன் வந்தான். அவன் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அந்தத் துண்டால் ஒருதரம் துடைத்தேன். முடி காய்ந்துவிட்டது. அவனுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. "இன்னொருக்கா ஊத்து" என்றான். ஊற்றினேன். துடைத்தேன். அவனைத் துடைத்துக்கொண்டிருக்கையில்தான் நினைத்தேன், மானம் போனது போனதுதான், மாடியில் எல்லோருக்கும் முன்னால் போயாகிவிட்டது, இனி எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்?

துண்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு சாயங்காலம் மாடி ஏறினேன். புருஷனும் பெண்டாட்டியும் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தா, பிள்ளைகளத் தொவட்டுறதுக்கு. கடல்ல நனைஞ்சு வந்தா ஒரு துடைப்புல காஞ்சிரும்."

"அய்யோ, வலைய வெட்டிட்டியளா ஆச்சி?"

"அது கெடக்கு." துண்டுகளை அவள் பக்கத்தில் வைத்தேன். பிறகு கேட்டேன். "ஏட்டி, நானும் வரட்டா?"

அவள் பையை அப்படியே விட்டுவிட்டாள். "எங்க?"

"எங்கன்னா? நீங்க போற எடத்துக்குத்தான்."

"மண்ணுல படுப்பியளா?"

"படுக்குறேன். அதுக்கு இப்ப என்ன?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கூடாரப் பையைப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா பெரிய கூடாரமா வாங்கியிருப்பேனே ஆச்சி. இது எங்க நாலு பேருக்கே கணக்கா இருக்கு" என்று தலையைச் சொறிந்தார்.

"எனக்கு எதுக்குக் கூடாரம்? மடக்குக் கட்டில எடுத்துட்டு வாரேன். தோப்புல போட்டுப் படுத்துக்கிடுவேன்."

"கொசு கடிக்குமே?"

"கடிச்சா கடிக்கட்டும். வலை தச்சவளுக்கு அது வேணும்."

அவள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இதக் கேக்க உங்களுக்கு இம்புட்டு நாளா? உங்க சேலைக்குப் பதிலா உங்களையே கூட்டிட்டுப் போனா எனக்குல்லா நிம்மதி. கேட்டா திட்டுவியளோன்னு பயந்துட்டுக் கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு, கட்டிய பையை அவிழ்த்து அந்த அரக்குச் சேலையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் காரின் மேல் என் மடக்குக் கட்டிலை வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார் தம்பி. உள்ளே சிவப்பு வாளி, அடுப்பு, ஃப்ரிட்ஜில் வைத்திருந்த பால்கோவா டப்பா, பொடி தடவிய இட்லித் தூக்கு. சின்னவன் எனக்கு முன்பே ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டித் தட்டி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரி கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். "கட்டில எல்லாம் தூக்கிட்டு எங்கக்கா கிளம்பிட்டிய?"

"கடற்கரைக்கு. ரெண்டு ராத்திரி தங்கப் போறோம், கூடாரம் அடிச்சு."

"இம்புட்டுப் பெரிய வீட்ட வச்சுக்கிட்டா?"

"வீடு எங்க போகப் போவுது? வரும்போது இங்கதான இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.